இருமொழியமும் முறைசார் தொகுப்பாய்வும்: ஆய்வுநெறி முன்பதிவில் மொழி பற்றிய முடிவுகள்

2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தேசியக் கல்விக் கொள்கையின் நான்காம் இயல் பள்ளிகளில் பன்மொழிக் கல்வியை வலியுறுத்துகிறது. இரண்டு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் மொழிகளை மிக விரைந்து கற்கின்றனர் என்றும், பன்மொழித் திறன் இளம் மாணவர்க்கு அறிதிறன் நலன்களை மிகுதியாகத் தருகிறது என்றும் ஆய்வுகள் தெளிவாகக் காட்டுவதாக அவ்வியல் காரணம் கூறுகிறது. பன்மொழிக் கல்விக்கு வேறு வலுவான காரணங்கள் பல உள. அவை இங்கு ஆராயப்படவில்லை. ‘ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன’ என்னும் கூற்று மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. எந்த ஆய்வுகள், எவரால், எவ்வளவைகளைக் கொண்டு தொகுக்கப்பட்டன என்னும் வினாவுக்கு விடை காணாமல் இக்கூற்றை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

விடை காண்பதற்கெனக் கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள வழியே ‘சிஸ்டமாடிக் ரிவியூ’ எனப்படும் முறைசார் தொகுப்பாய்வு. தமிழ் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘முன்னாய்வுகள்’ என்னும் தலைப்பில் இடம்பெறும் இயலினின்று இது அடிப்படையில் வேறானது. முன்னாய்வு இயலில் ஆய்வாளர் தமக்குக் கிடைத்தவற்றைத் தமக்கு உகந்த வரிசையில் எடுத்துரைப்பார். விடுபட்டவை எவை, ஏன் விடுபட்டன என்பதைப் படிப்பவர் அறிய இயலாது. முறைசார் தொகுப்பாய்விலோ வினா முதலில் வரையறுக்கப்படுகிறது. தேட வேண்டிய இடங்களும் தேடுசொற்களும், சேர்த்தற்கும் விலக்குதற்கும் உரிய அளவைகளும் எழுதி வைக்கப்படுகின்றன. அவ்வளவைகளின்படி கிடைத்த ஆய்வுகளனைத்தும் மதிப்பிடப்படுகின்றன. எண்வடிவ முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றாக்குதல் இதன் ஒரு வகை. அது இக்கட்டுரையில் திரள்பகுப்பாய்வு எனச் சுட்டப்படுகிறது.

ஒரே வினா, வேறுபட்ட விடைகள்

இருமொழியம் அறிதிறனைப் பெருக்குகிறதா என்னும் வினாவுக்கு இவ்வகைத் தொகுப்பாய்வுகள் பல வெளிவந்துள்ளன. 2010இல் அடெசோப்பும் பிறரும் 63 ஆய்வுகளைத் தொகுத்து, இருமொழியம் பல அறிதிறன் பயன்களோடு தொடர்புடையது என்றனர். 2018இல் மின்னா லெஹ்டோனெனும் பிறரும் வயது வந்தோரை ஆராய்ந்த 152 ஆய்வுகளிலிருந்து 891 விளைவளவுகளைத் தொகுத்தனர். தொடக்கக் கணக்கீட்டில் சில திறன்களில் சிறிய அளவிலான நன்மை தென்பட்டது. வெளியீட்டுச் சாய்வுக்கு ஈடுசெய்தபின் அது மறைந்தது. 2021இல் லோவும் பிறரும் 3 முதல் 17 வயது வரையுள்ளோரைப் பற்றிய 1,194 விளைவளவுகளைத் தொகுத்தபோதும் ஈடுசெய்தபின் கிட்டிய விளைவு சுழியத்தினின்று வேறுபடுவதாக இல்லை.

இவ்வேறுபாட்டுக்கு ஆய்வுகளின் பெருக்கம் ஒரு காரணம். எதனைச் சேர்ப்பது, எதனை அளப்பது என்பதில் தொகுப்பாளர் எடுத்த முடிவுகள் மற்றொரு காரணம். வெளியீட்டுச் சாய்வு பற்றி இத்துறையிலேயே நேரடிச் சான்று உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலா டி புரூயினும் பிறரும் 1999 முதல் 2012 வரை கருத்தரங்குகளில் படிக்கப்பட்ட 104 ஆய்வுகளின் சுருக்கங்களைத் திரட்டி, அவற்றுள் எவை பின்னர் இதழ்களில் கட்டுரைகளாயின என்பதைத் தேடினர். இருமொழி நன்மையை முழுமையாக ஆதரித்தவையே மிகுதியாக வெளிவந்திருந்தன. கலப்பு முடிவினைத் தந்தவை அதற்கடுத்து நின்றன. நன்மையை மறுத்தவை மிகக் குறைவாகவே அச்சேறியிருந்தன. 2015இல் வெளியான இக்கட்டுரைக்குப் பின், வெளிவந்த கட்டுரைகளை மட்டும் தொகுப்பது போதுமென எவரும் எளிதில் வாதிட இயலவில்லை.

இவ்வினாவில் தமிழுக்கு நேரடித் தொடர்பு உண்டு. இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் 2004ஆம் ஆண்டுக் கட்டுரை எலன் பியாலிஸ்டாக்கும் கிரெய்க், கிளைன், விஸ்வநாதன் ஆகியோரும் எழுதியது. அதன் முதல் ஆய்வில் இந்தியாவில் வாழ்ந்த தமிழ்-ஆங்கில இருமொழியர் ஒரு குழுவாகவும், கனடாவில் வாழ்ந்த ஆங்கில ஒருமொழியர் மற்றொரு குழுவாகவும் அமைந்தனர். இருமொழியர்க்குச் சார்பான வேறுபாடு பெரிய அளவில் காணப்பட்டது. ஆயின் இரு குழுவினர்க்கும் இடையே மொழி எண்ணிக்கை மட்டுமன்றி, நாடு, கல்விமுறை, வாழ்க்கைச் சூழல் ஆகியனவும் வேறுபட்டன. இவ்வகை ஆய்வைத் தொகுப்பில் சேர்ப்பதா, விலக்குவதா? இரண்டுக்கும் நியாயம் கூற முடியும். முடிவுகளைப் பார்த்தபின் இதனைத் தீர்மானிப்பவர், தாம் அறியாமலேயே தமக்கு உவப்பான விடையின் பக்கம் சாய்வர். இருமொழி நன்மையை நம்புபவர்க்கு இது முன்னோடி ஆய்வாகத் தோன்றும். நம்பாதவர்க்கு ஒப்பீட்டுக் குறையுடைய ஆய்வாகத் தோன்றும். முடிவுகளைக் காணுமுன் இத்தீர்மானத்தை எழுதி, நாளிட்டு, பொதுவெளியில் பதிந்து வைக்க வேண்டும் என்பதே ஆய்வுநெறி முன்பதிவின் சாரம்.

முன்பதிவு நடைமுறைக்கு வந்த வரலாறு

இந்நடைமுறை மருத்துவத்திலிருந்து வந்தது. 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் கூட்டமைப்பு, தொகுப்பாய்வு தொடங்குமுன் அதன் ஆய்வுநெறியைத் தனியே வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டது. மருந்துச் சோதனைகளை முன்பே பதிவு செய்தால்தான் அவற்றின் முடிவுகளை வெளியிடுவோம் எனப் பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு 2004இல் அறிவித்தது. இந்தியாவில் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டு, 2009இல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தொகுப்பாய்வுகளுக்கெனத் தனிப் பதிவேடு 2011 பிப்ரவரியில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ‘பிராஸ்பெரோ’ ஆகும். தொடக்கத்தில் அதில் 22 கட்டாய விவரங்களும் 18 விருப்ப விவரங்களும் கேட்கப்பட்டன. கட்டணம் இல்லை.

முன்பே வெளியிட்ட நெறியும் பின்னர் வந்த தொகுப்பாய்வும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கிர்க்கமும் பிறரும் 2010இல் சோதித்தனர். காக்ரேன் தொகுப்பாய்வுகள் 288ஐ அவற்றின் நெறிகளோடு ஒப்பிட்டதில், 64இல் அளக்கப்பட்ட விளைவுகளின் பட்டியல் மாறியிருந்தது. முன்பதிவு மாற்றத்தைத் தடுப்பதில்லை. ஆனால் நெறி முன்னரே வெளியிடப்பட்டிருந்தமையால்தான் மாற்றம் நிகழ்ந்தது என்பதேனும் தெரியவந்தது.

முன்பதிவு ஆய்வின் தொடக்கத்தைச் சார்ந்தது. அதன் முடிவைச் சார்ந்தது அறிக்கையிடல். 2009இல் வெளியாகி 2020ஆம் ஆண்டுக்குரிய பதிப்பாகத் திருத்தப்பட்ட ‘பிரிஸ்மா’ நெறியுரை, தொகுப்பாய்வுக் கட்டுரையில் இடம்பெற வேண்டியவற்றை 27 கூறுகளாகப் பட்டியலிடுகிறது. பதிவெண், நெறியினைப் படிக்கக்கூடிய இடம், நெறியில் பின்னர் செய்த திருத்தங்கள் ஆகிய மூன்றும் அவற்றுள் ஒரு கூறின் உட்பிரிவுகள். நெறியினை எழுதுவதற்கென 2015இல் வெளியான ‘பிரிஸ்மா-பி’ 17 கூறுகளைக் கொண்டது. அதன் எட்டாம் கூறு, சேர்க்கை அளவைகளைக் கூறுமிடத்தில் ஆய்வுகளின் ஆண்டு, வெளியீட்டு நிலை ஆகியவற்றோடு மொழியையும் குறிப்பிடக் கோருகிறது.

பிராஸ்பெரோ உடல்நலம் தொடர்பான விளைவுடைய தொகுப்பாய்வுகளை மட்டுமே ஏற்கும். முதுமறதி நோய் இருமொழியரிடம் காலந்தாழ்ந்து தோன்றுகிறதா என்னும் வினாவுக்கு அங்கு இடமுண்டு. ஐதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது. இருமொழியரிடம் நோய் நான்கரை ஆண்டுகள் தாழ்ந்து தோன்றியதாக அது கண்டது. வகுப்பறை மொழிகற்றல், மொழிபெயர்ப்புப் பயிற்சி போன்ற பொருள்களுக்கு அங்கு இடமில்லை. இவற்றை ஆராய்வோர் திறந்த அறிவியல் மையம் நடத்தும் ஓ.எஸ்.எஃப். பதிவேட்டைப் பயன்படுத்துகின்றனர். அங்குப் பதியப்படும் ஆவணம் நாள், நேர முத்திரையுடன் உறைநிலையில் வைக்கப்படும். விரும்பினால் குறிப்பிட்ட காலம் வரை மறைத்தும் வைக்கலாம்.

மொழியியல் முழுமைக்கும் இந்நடைமுறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது மிகை. ஓர் இலக்கணக் கோட்பாட்டின் வரலாற்றை எழுதுபவர்க்கு இது தேவையில்லை. அவருடைய வாதம் படிப்பவரின் கண்முன்னே நிகழ்கிறது. குறை இருப்பின் அங்கேயே தென்படும். அளவிடப்பட்ட முடிவுகளை ஒன்றுகூட்டி, கொள்கை வகுப்போர் எடுத்தாளும் வகையில் விடை கூறும் ஆய்வுகளுக்கே இது இன்றியமையாதது.

வரையறை என்னும் முதற்சிக்கல்

நெறியில் ‘இருமொழியர்’ என்பவர் யாவர் எனக் கூற வேண்டும். வட அமெரிக்க ஆய்வுகளில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசுபவர் இருமொழியர்; ஒரே மொழி வழங்கும் சூழலில் வளர்ந்தவர் ஒருமொழியர். இந்தியச் சூழலில் ஒப்பீட்டுக்குரிய ஒருமொழியரைக் காண்பதே அரிது. தமிழ்வழிக் கல்வி பெற்ற மாணவரை ஒருமொழியர் எனக் கொள்ளின், அவர் பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் வெவ்வேறு சூழல்களில் மாற்றி மாற்றிக் கையாளுபவர் என்பதை என்செய்வது? இரட்டை வழக்கும் ஒருவகை இருமொழியமே எனக் கருதும் தொகுப்பாளர் அவரை ஒருமொழியர் குழுவில் வைக்க மாட்டார். வேறொருவர் வைப்பார். இரண்டும் மொழியியல் அடிப்படையில் நிற்கத்தக்க முடிவுகளே. எது தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதும் எப்பொழுது தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதும் பதிவில் இருத்தல் வேண்டும். உளவியலாளர் எழுதும் நெறிகளில் இப்பகுதி பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவது மொழியியலாளர் அக்குழுக்களில் இடம்பெறாமையைக் காட்டுகிறது.

தேடுதலும் எழுத்தும்

பல நெறிகளில் மொழி பற்றிய கூறு ‘ஆங்கிலத்தில் வெளிவந்தவை மட்டும்’ என்னும் ஒற்றைத் தொடராக நிற்கிறது. இவ்வரம்பின் விளைவைப் பற்றிய முன்னோடி ஆய்வு மத்தியாஸ் எக்கரும் பிறரும் 1997இல் வெளியிட்டது. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் ஆய்வாளர் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட மருத்துவச் சோதனைகளை இணை இணையாக வைத்து அவர்கள் ஒப்பிட்டனர். ஆங்கிலக் கட்டுரைகளில் 62 விழுக்காடும் ஜெர்மன் கட்டுரைகளில் 35 விழுக்காடும் புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டின. வெற்றி பெற்ற சோதனை ஆங்கிலத்துக்குச் சென்றது. பெறாதது தாய்மொழி இதழில் தங்கியது. பின்னர் வந்த சில ஆய்வுகள், பிறமொழிக் கட்டுரைகளை விலக்குவதால் மருத்துவத் தொகுப்பாய்வுகளின் ஒட்டுமொத்த முடிவு பெரிதும் மாறுவதில்லை எனக் கண்டுள்ளன. அக்கூற்றை இருமொழிய ஆய்வுக்கு அப்படியே பொருத்துதல் தவறு. மருந்தின் செயல் அது பற்றிய கட்டுரை எழுதப்பட்ட மொழியைச் சார்ந்ததன்று. இருமொழிய ஆய்விலோ, விலக்கப்படும் மொழியே ஆராயப்படும் சமூகத்தின் மொழியாகவும் இருக்கக்கூடும்.

‘தமிழிலும் தேடப்படும்’ என நெறியில் எழுதுதல் எளிது, தேடுதல் எளிதன்று. தேடுசொற்களை முழுமையாகத் தரவேண்டும் எனப் பிரிஸ்மா கோருகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முற்பகுதியைத் தந்து இறுதியில் விண்மீன் குறியிட்டால் அதன் திரிபுகள் பெரும்பாலும் அகப்படும். தமிழில் இவ்வுத்தி சில சொற்களுக்கு உதவும்; சிலவற்றுக்கு உதவாது. ‘இருமொழி’ எனத் தந்தால் இருமொழிக் கல்வி, இருமொழிப் புலமை, இருமொழியம், இருமொழியாளர் ஆகியன கிடைக்கும். ‘இரு மொழி’ எனப் பிரித்தெழுதியது கிடைக்காது. ‘பன்மொழி’ எனத் தேடினால் ‘பல மொழி’, ‘பலமொழி’ ஆகியன தப்பிவிடும். ‘குழந்தைகள்’ என்னும் வடிவத்தைத் தந்தால் ‘குழந்தைகளின்’ அகப்படாது. புள்ளியுடன் முடியும் ‘ள்’ உயிரேறியவுடன் புள்ளியை இழப்பதால், கணிப்பொறிக்கு அது வேறு எழுத்துத் தொடர். ‘அறிவு’ எனத் தேடினால் ‘அறிவாற்றல்’ வராது. ‘கட்டுப்பாடு’ எனத் தேடினால் ‘கட்டுப்பாட்டின்’ வராது. தொல்காப்பியர் காலம் முதல் ஆராயப்பட்டுவரும் புணர்ச்சி, தரவுத்தளத் தேடலில் ஆய்வுகள் விடுபடுவதற்குக் காரணமாக நிற்கிறது. எந்த இடத்தில் சொல்லை வெட்டுவது என்பதைத் தேடுசொல் பட்டியலை எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும்.

இதனினும் நுண்ணிய தடை ஒன்று உண்டு. ‘மொழி’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடில் இரு வகையாகக் குறியிடலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தரலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் ஈடானவை. அவ்வாறு ஈடாக்கிக்கொள்ளாத தேடுபொறி ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடும். யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகளின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. பாமினி போன்ற எழுத்துருக்களிலும், தமிழக அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் குறியீடுகளிலும் தட்டச்சான பக்கங்கள் தேடலுக்குப் பொருளற்ற குறிகளாகவே தெரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளையொட்டி ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. ஆயினும் அங்குள்ள தமிழ் ஆய்வேடு ஒன்றைத் தமிழ்ச் சொல்லால் தேடிக் காண இயலுமா என்பது அது எந்த எழுத்துருவில் அமைந்தது, படிமமாகப் பதிவேற்றப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தது. ஆகவே நெறியில் ‘தலைப்புப் பட்டியல்கள் கையால் பார்க்கப்படும்’ என்னும் தொடர் இடம்பெறுவது பழைய பழக்கத்தின் எச்சமன்று, தேவையே.

மொழிபெயர்ப்பாளரின் இடம்

பிறமொழிக் கட்டுரை கிடைத்தபின் அதனைப் படிப்பவர் யார்? ஒவ்வோர் ஆய்விலிருந்தும் தரவுகளை எத்தனை பேர் எடுத்தனர், ஒருவரையொருவர் சாராது எடுத்தனரா என்பதைப் பிரிஸ்மா கேட்கிறது. இருவர் எடுத்தனர் என அறிக்கையிட்டுவிட்டு, தமிழ் ஆய்வேட்டை மட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்ல மற்ற இருவரும் எழுதிக்கொண்டனர் என்றால், உண்மையில் தரவெடுத்தவர் ஒருவரே. நன்றியுரையில் குறிப்பிடப்படும் மொழிபெயர்ப்பாளர் இங்கு ஆய்வு முறையின் ஒரு பகுதியாகிறார். அவர் எடுக்கும் சொல்முடிவு எண்ணை மாற்றும்.

‘இரு குழுவினர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். கல்வியியல், உளவியல் ஆய்வேடுகளில் இது புள்ளியியல் சோதனையின் முடிவைக் கூறும் மரபுத்தொடர். மொழியியல் ஆய்வேட்டில் அதே தொடர், சோதனை எதுவும் செய்யாமல், பெரிய வேறுபாடு தென்படவில்லை என்னும் பொதுப்பொருளிலும் வரக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே ஆங்கிலத் தொடராக்கினால், செய்யப்படாத சோதனை ஒன்று தொகுப்பில் எண்ணாக ஏறிவிடும். ‘சமவாய்ப்பு முறை’ என்பதும் ‘பரவலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்பதும் இவ்வாறே பிரித்துணரத்தக்கவை. இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டு தரவெடுத்தல் பற்றிய சோதனைகள் 2010களிலிருந்து நடந்துவருகின்றன; துல்லியம் மொழிக்கு மொழி வேறுபடுவதாக அவை காட்டின. ஸ்பானிஷுக்கோ ஜெர்மனுக்கோ கிட்டிய முடிவைத் தமிழுக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. கருவி பயன்படுத்தப்படின் அதன் பெயரையும் நாளையும், எத்தனை பக்கங்கள் மனிதரால் சரிபார்க்கப்பட்டன என்பதையும் நெறியிலேயே கூறிவிடலாம்.

மொழி பற்றிய கூறினைப் பின்வருமாறு எழுதினால் போதும்: ‘ஆங்கிலம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் தேடப்படும். தேடுசொற்களும் அவற்றை வெட்டும் இடங்களும் இணைப்பில் உள்ளன. தமிழ், தெலுங்கு ஆய்வுகளின் தரவை அம்மொழி அறிந்த இருவர் தனித்தனியே எடுப்பர். கருத்து வேறுபடின் மூலத்தொடரும் இரு மொழிபெயர்ப்புகளும் பதிவு செய்யப்படும். மொழி அறிந்தவர் கிடைக்காமையால் விலக்கப்படும் ஆய்வுகள் எண்ணப்பட்டு, வரைபடத்தில் தனியே காட்டப்படும்.’ இறுதி வரி சிறப்பாக நோக்கத்தக்கது. தேடலில் கிடைத்தவை, விலக்கப்பட்டவை, எஞ்சியவை ஆகியவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் ஓட்டவரைபடம் ஒன்றைப் பிரிஸ்மா கேட்கிறது. அதன் விலக்கப்பட்டவைக்குரிய கட்டத்தில் ‘பிறமொழி’ என்னும் காரணம் எத்தனை ஆய்வுகளுக்கு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தாலே, ஒரு தொகுப்பாய்வின் மொழி எல்லையை மதிப்பிட்டுவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் தேடியவரின் கட்டத்தில் அவ்வெண் சுழியமாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கும். தேடாதவை விலக்கப்பட்டவையாக எண்ணப்படுவதில்லை.

திருத்தங்களின் நிலை

பதிவேடு நெறியின் தரத்துக்குச் சான்று வழங்குவதில்லை. பிராஸ்பெரோவில் பதிவுக்கு முன் நடைபெறுவது எல்லையும் தெளிவும் பற்றிய சரிபார்ப்பே. வல்லுநர் மதிப்பீடு அன்று. தரவெடுத்து முடித்தபின் பதிபவரும் உளர். அவர்களுடைய பதிவெண் கட்டுரையில் பிறவற்றைப் போன்றே தோற்றமளிக்கும். பதிவு நாளையும் தேடல் நாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே படிப்பவர் செய்யக்கூடியது.

நெறி மாற்றத்துக்கு உட்படாதது என எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. தேடியபின், தமிழ் ஆய்வேடுகள் பலவற்றில் இருமொழித் திறன் பயிற்றுமொழியைக் கொண்டே வகைப்படுத்தப்பட்டிருப்பது தெரியவருகிறது எனக் கொள்ளலாம். வரையறையை விரிவாக்கினால் அவை சேரும்; விரிவாக்காவிடில் அனைத்தும் வெளியே நிற்கும். விரிவாக்கலாம். எந்நாளில், எக்காரணத்தால், தரவெடுக்குமுன்னா பின்னா என்பதைத் திருத்தக் குறிப்பாகப் பதிவேட்டில் சேர்த்து, பழைய வரையறைப்படியும் புதிய வரையறைப்படியும் கிடைக்கும் முடிவுகள் இரண்டையும் கட்டுரையில் தரவேண்டும். முந்தைய வடிவம் பதிவேட்டில் அழியாமல் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் இருவர் வேறுபட்ட தொடர்களின் பட்டியலையும் இதனோடு இணைப்பாக வைப்பின், அதே ஆய்வேட்டைப் பின்னர் தொகுக்க வருபவர் அப்பட்டியலிலிருந்து தம் பணியைத் தொடங்கலாம்.